பொற்றுணிக்கையின் பக்குவம்

பனங்கற்கண்டு காய்ச்சுவோரை யாழ்ப்பாணத்திலே பார்த்தவர்கள் ஒரு புதுமையைக் கவனித்திருப்பர். கருப்பநீரைக் காய்ச்சிப் பாணியாக்கி, அப்பாணியை ஒரு பாத்திரத்தில் வார்த்து, அதனுள் நூல்களைத் தொங்கவிட்டு, பல நாட்கள் அசையாமல் வைத்துவிடுவர். காலஞ் செல்லச் செல்ல நூலைச் சுற்றிப் பருத்த கற்கண்டுகள் விளையும். அதே கருப்பநீரை இன்னும் இறுகக் காய்ச்சி, நன்றாகத் துழாவிக் குட்டானிலே வார்த்தால் சிறிது நேரத்திற் பனங்கட்டி கிடைக்கின்றது. அதனை உடைத்துப் பார்த்தால் பெரிய பளிங்கு ஒன்றையும் காணோம். எண்ணற்ற சிறு மணிகளே நெருங்கியிருக்கின்றன.

மூலப்பொருள் ஒன்றே. வேறுபட்டது பக்குவம். ஒன்றிலே அமைதியும் ஆறுதலும். மற்றதிலே வேகமும் கலக்கமும். வளரும் சூழல் வேறுபடவே விளைபொருளின் உருவமும் வேறுபட்டது. இந்த எளிய உண்மைதான் இன்று உலகின் பேராய்வுகூடங்களிலே அறிஞரை உறக்கமின்றி உழைக்கச் செய்கின்றது. ஆனால் அவர்கள் வளர்க்கும் மணிகள் கண்ணுக்குத் தெரிவனவல்ல. அவற்றை அளக்க உதவும் அளவு நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். நாம் பேசப்போகும் துணிக்கைகளோ பெரும்பாலும் 2 நனோமீற்றர் முதல் 100 நனோமீற்றர் வரையுள்ளவை.

இத்துணை சிறிய பொருள்களில் நமக்கென்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். மாரிக்குப் பின் டெங்குக் காய்ச்சல் பரவும் காலத்தில் வைத்தியசாலையிலே ஒரு துளி இரத்தத்தைச் சிறிய தாட்கீற்றில் இட்டுச் சோதிப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். 2020 ஆம் ஆண்டின் பின் கொவிட் நோய்க்கும் இத்தகைய கீற்றுகள் வீடுதோறும் வந்தன. அவற்றிலே தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலும் சாயமன்று, அது பொன். பிறபொருளெதிரி என்னும் புரதம் போர்த்த பொற்றுணிக்கைகள், நோய்க்கிருமியின் கூற்றைப் பற்றிக்கொண்டு, கீற்றின் ஓரிடத்தில் வந்து திரளும்பொழுது அங்கே சிவப்புக் கோடு புலனாகின்றது. துணிக்கைகள் யாவும் ஏறத்தாழ ஒரே பருமனாய் இருந்தாற்றான் கோடு தெளிவாய் விழும். சில பெரியனவும் சில சிறியனவுமாய் இருந்தாலும், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபட்டாலும், கோடு மங்கும். இல்லாத இடத்திற் கறையுந் தோன்றலாம். ஆகவே துணிக்கை வளர்ந்த பக்குவத்திற்கும் நோயாளிக்குக் கிடைக்கும் விடைக்கும் நேரான தொடர்பு உண்டு.

பொன் சிவக்குமா? மஞ்சளன்றோ அதன் நிறம்? இவ்வினாவை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் பரடே. 1856 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் நிறுவகத்திலே மெல்லிய பொற்றகடுகளை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், கழுவிய நீரிலே மங்கலான செந்நிறம் இருப்பதைக் கண்டார். எறிந்துவிடக்கூடிய கழுநீரை அவர் எறிந்துவிடவில்லை. பொன் உப்புக் கரைசலைப் பொசுபரசினால் தாழ்த்தி, மாணிக்கம் போன்ற சிவந்த நீர்மங்களை வேண்டுமென்றே செய்தார். அந்நிறம் மிக நுண்ணிய பொற்றுணிக்கைகளால் வருவது என்று 1857 இலே எடுத்துரைத்தார். அந்தச் செந்நீரிற் சிறிது கறியுப்பைச் சேர்த்தவுடன் அது நீலமாக மாறுவதையுங் கண்டார். அவர் செய்த நீர்மங்கள் சில இன்றும் அந்நிறுவகத்திலே பாதுகாக்கப்பட்டுள்ளன.

காரணத்தைச் சுருங்கச் சொல்வோம். உலோகத்தினுள் கட்டற்றுத் திரியும் இலத்திரன்கள் உள. துணிக்கை மிகச் சிறிதாகும்பொழுது, ஒளியலை பட்டதும் அவ்விலத்திரன்கள் யாவும் ஒருங்கே ஊசலாடுகின்றன. 20 நனோமீற்றர் அளவான பொன்னுருண்டையில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் அணுக்கள் இருக்கும். அதன் இலத்திரன்கள் பச்சை ஒளியோடு இசைந்து ஊசலாடி அதனை உறிஞ்சுகின்றன. எஞ்சி வருவது சிவப்பு. துணிக்கைகள் பருத்தாலோ, ஒன்றோடொன்று ஒட்டினாலோ, நீண்டாலோ இசையும் ஒளி மாறுகின்றது, நிறமும் மாறுகின்றது. ஆகவே நிறம் என்பது வளர்ச்சியின் சாட்சி. இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லாத காலத்திலும் பரடே தம் கண்ணினாலேயே துணிக்கையின் நிலையை ஓரளவு ஊகித்தறிந்தது இதனாலேதான்.

இனி, ஒரு துணிக்கை எவ்வாறு பிறக்கின்றது என்பதை நோக்குவோம். கரைசலிலே அணுக்கள் தனித்தனியே அலைகின்றன. சில கூடுகின்றன, மறுகணமே பிரிகின்றன. கூடுவதில் வரவும் உண்டு, செலவும் உண்டு. அணுக்கள் ஒன்றையொன்று பற்றுவதாற் சத்தி மிச்சப்படுகின்றது, இது வரவு. இவ்வரவு கனவளவோடு பெருகும். ஆனால் புதிதாக ஒரு பரப்பை உண்டாக்கவேண்டியிருக்கின்றது, இது செலவு. ஒரு கட்டியின் பக்கம் இரட்டித்தாற் பரப்பு நான்கு மடங்காகும்; கனவளவோ எட்டு மடங்காகும். ஆகவே மிகச் சிறிய கூட்டத்திற்குச் செலவே மிகுதி. அது கரைந்து போகும். ஓர் எல்லையைத் தாண்டிய கூட்டத்திற்கு வரவே மிகுதி. அது நிலைத்து வளரும். அவ்வெல்லையைத் தாண்டிய கூட்டத்தையே கரு என்கிறோம்.

அந்த எல்லை எங்கே இருக்கின்றது என்பதைத் தீர்மானிப்பது சூழல். கரைசலிற் பொருள் மிகைநிரம்பியிருந்தால் எல்லை தாழும். எண்ணற்ற கருக்கள் ஒருங்கே தோன்றும். செறிவு குறைந்தால் எல்லை உயரும். புதிய கரு தோன்றாது, இருக்கும் கருக்களே வளரும். ஐக்கிய அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே லாமர் என்பவரும் அவருடைய துணைவரும், கந்தகக் கூழ்களை ஆராய்ந்து, 1950 ஆம் ஆண்டில் இதிலிருந்து ஒரு விதியைக் காட்டினர். துணிக்கைகள் யாவும் ஒரே பருமனாய் இருக்கவேண்டுமாயின், அவை யாவும் ஒரே வேளையிற் பிறத்தல் வேண்டும்; பிறந்தபின் வேறு எதுவும் பிறத்தலாகாது. பிறப்பும் வளர்ப்பும் வெவ்வேறு காலத்தில் நிகழ்தல் வேண்டும். வயலில் ஒரே நாளில் விதைத்த நெல் ஒரே வேளையிற் கதிர்விடுவது போன்றது இது. இன்றொரு பிடி, நாளையொரு பிடி என்று விதைத்தால் அறுவடை எவ்வாறு ஒத்துவரும்?

இவ்விதியை மனத்திற் கொண்டு, பொற்றுணிக்கை செய்யும் பழகிய முறை ஒன்றைப் பார்ப்போம். 1951 இலே தேர்க்கெவிச் என்பாரும் அவருடன் உழைத்தோரும் விளக்கிய முறை இது. பொன்னின் குளோரைட்டு உப்பை நீரிற் கரைத்துக் கொதிக்க வைக்கின்றனர். அதிற் சோடியம் சித்திரேற்றுக் கரைசலை விரைவாக வார்க்கின்றனர். தேசிக்காயின் புளிப்பிற்குக் காரணமான அமிலத்தின் உப்பே சித்திரேற்று. இளமஞ்சளாயிருந்த நீர் முதலில் நிறமிழக்கின்றது, பின்னர் சாம்பர்நீலமாகின்றது, ஊதாவாகின்றது, சில நிமிடங்களில் திராட்சை மது போன்ற செந்நிறம் எய்துகின்றது. கிடைப்பவை ஏறக்குறைய 20 நனோமீற்றர் உருண்டைகள்.

இங்கே சித்திரேற்று மூன்று தொழில் செய்கின்றது. பொன் உப்பைத் தாழ்த்திப் பொன்னாக்குகின்றது. பிறந்த துணிக்கையின் மேல் ஒட்டி, அதற்கு எதிர்மின்னேற்றம் அளித்து, துணிக்கைகள் ஒன்றையொன்று அணுகாமற் காக்கின்றது. கரைசலின் அமிலத் தன்மையையும் மாற்றுகின்றது. பரடே கறியுப்பைச் சேர்த்ததும் நிறம் நீலமானது ஏனென்று இப்பொழுது விளங்கும். உப்பின் அயன்கள் அந்த மின்காவலை மறைத்துவிட, துணிக்கைகள் நெருங்கி ஒட்டிக்கொண்டன.

சித்திரேற்றின் அளவை மாற்றினால் என்ன நிகழும்? பிரென்சு என்பவர் 1973 இலே இதனை முறையாகச் செய்து காட்டினார். சித்திரேற்றைக் குறைக்கக் குறைக்கத் துணிக்கைகள் பருத்தன. 16 நனோமீற்றரிலிருந்து ஏறத்தாழ 150 நனோமீற்றர் வரை அவரால் விரும்பிய அளவிற் செய்ய முடிந்தது. பொன் அதே பொன். நீர் அதே நீர். துணைப்பொருளின் விகிதம் ஒன்றே மாறியது. அதுமட்டுமன்று. எதனை எதனுள் வார்ப்பது என்பதும் முக்கியம். கொதிக்கும் பொன் கரைசலிலே சித்திரேற்றை வார்ப்பதற்குப் பதிலாக, கொதிக்கும் சித்திரேற்றிலே பொன் கரைசலை வார்த்தால் துணிக்கைகள் இன்னுஞ் சிறியனவாய் வருகின்றன. மோருக்குள் தாளிதத்தைக் கொட்டுவதும் தாளிதத்துள் மோரைக் கொட்டுவதும் ஒன்றல்ல என்பதை இல்லத்தரசிகள் அறிவர்.

பாத்திரத்தின் தூய்மையைப் பற்றியும் ஒரு சொல். பொற்கூழ் செய்வோர் கண்ணாடிக் குடுவையை இராச திராவகத்தினாற் கழுவுவது வழக்கம். பொன்னையே கரைக்கும் அத்திராவகத்தினால் ஏன் கழுவவேண்டும்? முன்னொரு நாள் ஒட்டிய பொன்னின் சுவடு ஒன்று குடுவையின் சுவரில் இருந்தாலும் அது அழையாத கருவாகிவிடும். புதிய பொன் யாவும் அதன்மேற் படியும். வளர்ச்சி நெறிதவறிப் போகும்.

உருண்டையைப் பற்றியே இதுவரை பேசினோம். கோலைப் போல நீண்ட பொற்றுணிக்கை செய்ய முடியுமா? முடியும். அதிலேதான் சூழலின் நுட்பம் இன்னும் தெளிவாகத் தோன்றுகின்றது. முதலில் 3 அல்லது 4 நனோமீற்றர் அளவான விதைத் துணிக்கைகளைத் தனியே செய்கின்றனர். இதற்கு வலிய தாழ்த்தும் பொருளொன்றை உபயோகிக்கின்றனர். பொன் முழுவதும் நொடியிற் கருவாகிவிடுகின்றது. பின்னர் வளர்ப்புக் கரைசல் என்ற வேறொரு கரைசலில் அவ்விதைகளைச் சிறிதளவு இடுகின்றனர். வளர்ப்புக் கரைசலிலே தாழ்த்தும் பொருளாக இருப்பது அசுகோபிக்கமிலம்; நெல்லிக்காயிலும் தோடம்பழத்திலும் உள்ள உயிர்ச்சத்து சீ. அது மென்மையானது. விதை இல்லாதவிடத்து அதனாற் புதிய பொன்மணியை எளிதிற் பிறப்பிக்க முடியாது. விதையின் பரப்பிலேயே பொன் படியும். பிறப்பையும் வளர்ப்பையும் பிரித்தல் என்ற விதி இங்கே இரண்டு குடுவைகளாகவே பிரிந்து நிற்கின்றது.

அக்கரைசலிலே சவர்க்காரத்தை ஒத்த நீண்ட மூலக்கூறுகளுடைய ஒரு பொருளும் உண்டு. சுருக்கமாக அதனைச் சீற்றாப் என்பர். அது பொன்மணியைச் சூழ்ந்து நிற்கும். மிகச் சிறிதளவு வெள்ளி நைத்திரேற்றும் சேர்க்கின்றனர். வெள்ளி மணியின் பக்கங்களிற் படிந்து அங்கே வளர்ச்சியைத் தடுக்கின்றது என்பது பலர் ஏற்கும் விளக்கம். பக்கம் தடைப்பட, முனைகள் நீளுகின்றன, உருண்டை கோலாகின்றது. கோல் நீள நீள அது உறிஞ்சும் ஒளி சிவப்பையும் கடந்து கட்புலனாகாத செந்நிறக்கீழ் ஒளிக்குச் செல்லுகின்றது. அவ்வொளி தசையை ஓரளவு ஊடுருவ வல்லது. ஆகவே பொற்கோல்களைப் புற்றுநோய்க் கட்டியிற் செலுத்தி, வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சி, அக்கட்டியை மாத்திரம் சூடாக்கி அழிக்கலாமா என்று அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.

இங்கேதான் ஒரு பெருஞ் சிக்கல் எழுந்தது. ஓர் ஆய்வுகூடத்திற் செம்மையாகக் கோல்கள் வளர்ந்தன. அதே செய்முறையை எழுத்துப் பிசகாமற் பின்பற்றிய வேறோர் ஆய்வுகூடத்தில் உருண்டைகளே வந்தன. யாருடைய கை பிழை? எவருடைய கணிப்பு பிழை? ரெக்சாசுப் பல்கலைக்கழகத்து அறிஞர் இருவர் 2008 இலே இவ்வினாவை நேரடியாக எடுத்துக்கொண்டனர். பற்பல வணிகரிடமிருந்து சீற்றாப் பொடியை வாங்கி, ஒரே முறையில் ஒரே கையாற் செய்து பார்த்தனர். சில பொடிகள் கோல் தந்தன, சில தரவேயில்லை. எல்லாப் போத்தலிலும் ஒரே பெயர்தான் எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டிலே காரணம் வெளியாயிற்று. குற்றவாளி அயடைட்டு. மிகச் சிறிதளவே கலந்திருந்த அந்த மாசு, பொன்னின் பரப்பில் இறுகப் பற்றி, கோலின் வளர்ச்சியைக் குலைத்துவிட்டது. ஒரு மூடை அரிசியிலே சில மணி கல் இருந்தது போன்ற அளவுதான். ஆயினும் சமையல் முழுவதும் வேறாயிற்று.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில் வேறு அறிஞர், அயடைட்டை அளந்து வேண்டுமென்றே சேர்த்தால் முக்கோண வடிவான மெல்லிய பொற்றகடுகள் வளர்வதைக் காட்டினர். கோலுக்கு நஞ்சாயிருந்தது முக்கோணத்திற்கு மருந்தாயிற்று. ஆகவே மாசு என்பது என்ன? நாம் அறியாமற் சேர்ந்தால் அது மாசு. அறிந்து அளந்து சேர்த்தால் அது கருவி.

வெப்பநிலையின் ஆட்சியைக் காணப் பொன்னைவிட்டு வேறொரு பொருளுக்குச் செல்வோம். 2023 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு பவெண்டி, புறூசு, எக்கிமோவ் என்னும் மூவருக்கு வழங்கப்பட்டது. அவர்கள் ஆராய்ந்தவை குவந்தப் புள்ளிகள் எனப்படும் நுண்பளிங்குகள். எக்கிமோவ் 1980 ஆம் ஆண்டளவிலே சோவியத் நாட்டில் செப்புக் குளோரைட்டுச் சேர்த்த கண்ணாடியை ஆராய்ந்தவர். கண்ணாடியை 500 முதல் 700 பாகை செல்சியசு வரையான வெப்பநிலைகளில், ஒரு மணித்தியாலம் முதல் 96 மணித்தியாலம் வரை சூடாக்கினார். சூடும் நேரமும் மாற, உள்ளே வளர்ந்த பளிங்குகளின் பருமனும் மாறியது. பளிங்கு சிறுக்கச் சிறுக்க அது உறிஞ்சும் ஒளி நீலப் பக்கம் நகர்ந்தது. ஒரே பொருள் தன் அளவினாலேயே நிறம் மாறியது.

பவெண்டியும் அவர் மாணவரும் 1993 இலே கட்மியம் செலனைட்டுப் புள்ளிகளைச் செய்த முறை, லாமர் கூறிய விதிக்கு அழகிய உதாரணம். ஏறக்குறைய 300 பாகைக்குச் சூடாக்கிய எண்ணெய் போன்ற நீர்மத்தினுள் மூலப்பொருள்களை ஊசியினால் ஒரேயடியாகப் பாய்ச்சினர். கணத்திற் கருக்கள் பிறந்தன. பாய்ச்சிய குளிர் நீர்மத்தால் வெப்பநிலை சட்டென வீழ்ந்தது; பிறப்பு நின்றது. பின்னர் மெல்லச் சூடேற்றி, பிறந்தவற்றை மட்டும் வளர்த்தனர். வேண்டிய பருமன் வந்ததும் நிறுத்தினர். இவ்வாறு ஏறக்குறைய 1 நனோமீற்றரிலிருந்து 11 நனோமீற்றருக்குச் சற்று மேல் வரை சீரான பளிங்குகள் கிடைத்தன. இன்று சில தொலைக்காட்சிப் பெட்டிகளிலே தூய சிவப்பையும் பச்சையையும் தருபவை இவ்வினத்துப் புள்ளிகளே. கட்மியம் நஞ்சாதலின், இந்தியம் பொசுபைட்டு முதலிய வேறு பொருள்களும் இப்பொழுது கையாளப்படுகின்றன.

நேரத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். வளர்த்த துணிக்கைகளை நெடுநேரம் சூட்டில் விட்டுவிட்டால் சிறியன கரைந்து பெரியவற்றின்மேற் படியும். ஒஸ்வால்ட் என்னும் சேர்மன் அறிஞரின் பெயரால் இதனை அழைப்பர். சிறிய மணிக்குப் பரப்புச் செலவு மிகுதியென்று முன்னர் கண்டோம். ஆதலின் அது தோற்கின்றது, பெரியது வெல்கின்றது. உரிய வேளையில் அடுப்பை அணைக்கத் தெரிவதும் பக்குவத்தின் ஒரு கூறே.

காபனிலும் இக்கதையே நிகழ்கின்றது. போகலை, ககட்டகக சுரங்கங்களில் நம் நாடு அகழும் காரீயமும் காபன்; நனோமீற்றர் அளவு அகலமுடைய நுண்குழாய்களும் காபன். யப்பானிலே 2004 இல் இக்குழாய்களை வளர்த்த அறிஞர், சூளையினுட் செல்லும் வாயுவிலே மிகச் சிறிதளவு நீராவியைச் சேர்த்தனர். குழாய்களை வளர்க்கும் இரும்புத் துணிக்கைகளின்மேற் படியும் காபன் அழுக்கை நீராவி அகற்றியது, துணிக்கைகள் உயிரோடிருந்தன. பத்து நிமிடத்தில் 2.5 மில்லிமீற்றர் உயரத்துக்குக் குழாய்க்காடு வளர்ந்தது. நீராவி கூடினாலோ குழாயே எரிந்துபோகும்.

இனி எஞ்சியிருக்கும் பெரிய கேள்வி ஒன்று. சிறு குடுவையிற் செய்ததைப் பெருந் தொட்டியிற் செய்ய இயலுமா? குடுவையில் ஒரு கரைசலை வார்த்தவுடன் அது நொடியில் எங்கும் பரவும். தொட்டியிலோ வார்த்த இடத்திற் கருக்கள் பிறந்து வளரத் தொடங்கும்பொழுது மறுகோடி இன்னும் வெறுநீராகவே இருக்கும். நடுவும் ஓரமும் ஒரே வெப்பநிலையில் இரா. பத்துப் பேருக்கு ஆக்கிய கறியின் ருசி ஆயிரம் பேருக்கு ஆக்கும்பொழுது மாறுவதை ஒத்தது இது. ஆகவே சிலர் பெருந் தொட்டியை விட்டு, மெல்லிய குழாய்களிலே கரைசல்களை ஓடவிட்டுக் கலக்கின்றனர். குழாய் சிறிதாதலின் கலப்பும் சூடும் எங்கும் ஒத்திருக்கின்றன. நாள் முழுவதும் ஓடவிட்டால் அளவும் பெருகுகின்றது. நோய் காட்டும் கீற்று, நகரத்து மருத்துவமனையில் மாத்திரமன்றி, கிராமத்துச் சிறிய சிகிச்சை நிலையத்திலும் மலிவாகவும் பிழையின்றியும் கிடைக்கவேண்டுமாயின் இவ்வகைச் சிக்கல்கள் தீரவேண்டும்.

ஆய்வாளர் தம் செய்முறையை எழுதும்பொழுது எதை எழுதவேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்குகின்றது. எத்தனை கிராம், எத்தனை பாகை என்பவற்றோடு, எந்தப் பொடி, எந்த வணிகரிடம் பெற்றது, எதை முதலில் வார்த்தது, எவ்வளவு விரைவாகக் கலக்கியது என்பனவும் எழுதப்படல் வேண்டும். சீற்றாப் சிறிது குளிரிலேயே கரைசலிலிருந்து படிகின்ற பொருள். ஆகவே அறையின் குளிரையுங் குறிக்காமல் விட்டால், ஓரிடத்தில் வந்தது வேறிடத்தில் வாராது. முக்கியமன்று என்று கருதி எழுதாது விட்ட ஒன்றே முக்கியமாயிருந்தது என்பதை அயடைட்டுக் கதை அறிவுறுத்தியது.

நேயர்களே, அடுத்தமுறை பனங்கற்கண்டை வாயிலிடும்பொழுது அதன் தட்டையான முகங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அவை எவரும் செதுக்கியவையல்ல. பாணியின் செறிவும், பாத்திரத்தின் அமைதியும், காலத்தின் பொறுமையும் கூடி வளர்த்தவை. அணுக்களை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்க நம் கைகளுக்கு இயலாது. அவை தாமே அடுக்கிக்கொள்ளும் சூழலை அமைத்துக் கொடுப்பதே நமக்கு இயலும். பொற்றுணிக்கை வளர்ப்போர் செய்வது அதனையே. கருப்பநீர் காய்ச்சுவோர் செய்வதும் அதனையே.